இப்போ எப்படி இருப்பாங்களோ அப்படி

திருச்சியில் விஸ்காம் படித்துக்கொண்டிருந்த இளவேனிலுக்கு, இரண்டாம் வருஷக் கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு மாசம் ஏதாவது ஒரு டிசைன் ஸ்டுடியோவில் வேலை பழகிவிட்டு வர வேண்டும் என்று கல்லூரியில் சொன்னபோது, கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீஸ்களைத் தேடிக் கிளம்பிப் போக, அவளுக்கு மட்டும் கிடைத்த இடம் சொந்த ஊரான கருக்காக்குடியில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜூஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்த 'நியூ வானவில் கிராபிக்ஸ்'.

ஸ்டுடியோ என்றால் ஒரு நீள அறை. முன்னால் இரண்டு கம்ப்யூட்டர், தடுப்புக்கு அந்தப் பக்கம் நாளெல்லாம் சரக் சரக்கென்று போய்வந்துகொண்டு ஃபிளெக்ஸ் அடிக்கும் மெஷின், அறை முழுக்க மையின் காரமான வாடை. முதலாளி ஜபருல்லா நாற்பதைத் தாண்டியவர், சிரித்துச் சிரித்தே வேலை வாங்குகிறவர். முதல் நாள் அவள் "சார்" என்றதும், "சார்னா கரண்ட் பில்லு எழுத வந்தவரைக் கூப்புடுற மாதிரி இருக்கும்மா, அண்ணேன்னே கூப்புடு" என்றார். டிசைனுக்கு வெற்றிடம்தான் மூச்சு என்று படித்துவிட்டு வந்திருந்த இளவேனில், ஒரு காதணி விழா பேனரில் இடதுபக்கம் முழுவதையும் வெள்ளையாக விட்டு ஓரத்தில் குழந்தையை மட்டும் உட்காரவைக்க, அதைப் பார்த்த குழந்தையின் அப்பா, "மாமா வீட்டுல அத்தன பேரு இருக்காக, நீங்க எடத்தச் சும்மா போட்டு வச்சிருக்கிய" என்று கோபித்துக்கொண்டார். ஜபருல்லா சிரித்துக்கொண்டே அந்த வெள்ளையில் மாமா வீட்டை மொத்தமாகக் குடியேற்றினார்.

கருக்காக்குடியில் ஒரு ஆளையாவது வெளிநாட்டுக்கு அனுப்பாத வீடு கிடையாது. சிங்கப்பூரில் கப்பல் வெல்டிங், மலேசியாவில் சாப்பாட்டுக்கடை, துபாயில் கட்டடம், குவைத்தில் வீட்டு வேலை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் லீவு கிடைக்காதவர்கள், பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்தவர்கள், வர மனசிருந்தும் வழியில்லாதவர்கள் எல்லாரும் பேனரில் வந்தார்கள். கோட்டுப் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி, மேகத்துக்கு நடுவே மார்பளவுக்கு மிதந்துகொண்டு, பந்தல் வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்றார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் அந்தப் படங்களைப் பார்த்து, "அப்ப வர்றம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போவதும் அங்கே வழக்கம்தான்.

இளவேனிலின் அம்மா மங்கையர்க்கரசியும் அப்படிப் போனவள்தான். மகள் ஆறாம் வகுப்புச் சேர்ந்த வருஷம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பேசினாள், பேன் பார்த்தாயா, பல் விழுந்ததா, மாதிரிப் பரீட்சையில் என்ன மார்க் என்று கேட்டாள். பிறகு, மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. அந்த எண்ணுக்கு அடித்தால் அரபியில் ஒரு பெண் ஏதோ சொன்னாள், அவ்வளவுதான். அப்பா சிங்காரவேலு ஏஜென்டைத் தேடித் திருச்சிக்கு அலைந்தார், அங்கே அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தார், கடைசியில் அலைவதையும் விட்டார். டவுன் பஞ்சாயத்தில் தெருக்குழாய்களுக்குத் தண்ணி திறந்துவிடுகிற வேலை அவருக்கு. விடிகாலையில் சைக்கிளில் போய்த் தெருத்தெருவாக வால்வைத் திருகிவிட்டு வந்து, உலை வைத்து, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, அவளைக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். வீட்டில் அம்மாவைப் பற்றிப் பேசுவது மட்டும் நின்றுபோயிருந்தது. இருவரும் அப்படித் தீர்மானம் பண்ணிக்கொண்டதில்லை, ஒரு ஜன்னல் மழையில் ஊறி இறுகிக்கொண்டால் அதை அப்புறம் யாரும் திறக்காமல் விட்டுவிடுவதைப் போல அது இறுகிவிட்டது.

அந்த மாசத்தின் முதல் வாரத்தில் பொன்னழகு என்கிற அம்மாள் மகள் கல்யாணத்துக்கு பேனர் போட வந்தாள். கையில் ஒரு பள்ளிக்கூடப் படம் இருந்தது. அவளுடைய மூத்த மகன் முத்தரசன், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மலேசியாவுக்குப் போனவன், கொஞ்ச நாள் பேசினான், பிறகு எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை.

"பொண்ணு கல்யாணத்துக்கு அண்ணங்காரன் வாசல்ல நிக்காம எப்புடிப்பா?" என்றாள் பொன்னழகு. "ஆனா இந்தப் பள்ளிக்கொடத்து மூஞ்சியப் போட்டா மாப்புள வீட்டுல தம்பின்னு நெனச்சுருவாக. இப்ப எப்புடி இருப்பானோ அப்புடிப் போட்டுக் குடு."

ஜபருல்லா, "அந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்க பாப்பாகிட்ட சொல்லுங்க, திருச்சியில படிக்குது" என்று தள்ளிவிட்டார்.

இளவேனில் அந்த அம்மாளைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டுச் செய்தாள். அவங்கப்பாவுக்கு நெற்றி எப்போது ஏற ஆரம்பித்தது, தாய்மாமனுக்குத் தாடை எப்படி, சிரித்தால் கன்னம் எந்தப் பக்கம் குழியும். பையனின் தாடையை மாமனிடமிருந்து கடன் வாங்கினாள், மீசையை அப்பாவிடமிருந்து எடுத்தாள், கழுத்தைக் கொஞ்சம் தடிமனாக்கினாள், கண்ணை மட்டும் தொடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி அவள் கையை எடுத்தபோது, பொன்னழகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "இவந்தான்... இவந்தான்" என்றாள்.

பேனர் கட்டின மறுநாள் காலையில் முத்தரசனுக்குத் தாடி வளர்ந்திருந்தது.

லேசான தாடிதான். பால் வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "என்னக்கா, கல்யாணத்துக்குத் தாடியோட நிக்கிறான் ஓம் மகன்?" என்று கேட்க, பொன்னழகு வெளியே வந்து இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்து, "எங்க தங்குறானோ, பிளேடு வாங்கக்கூட நேரமில்ல போல" என்றாள். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. அவள் வேலைக்கு நடுவே வந்து வந்து நின்று, "தங்கச்சி கழுத்துல தாலி ஏறப்போற நேரத்துல இது என்னடா கோலம், மழிச்சுட்டு நில்லுடா" என்று அதட்டிவிட்டுப் போனாள். கல்யாணத்தன்று விடியும்போது முத்தரசன் மொழுமொழுவென்று மழித்த முகத்தோடு, தாடையில் ஒரு சின்னக் கீறலோடு நின்றான். அவள் சொன்னது அவனுக்குக் கேட்டதா, மலேசியாவில் அன்றைக்கு அவனுக்குச் சம்பள நாளா, யாருக்குத் தெரியும். பொன்னழகு அந்தக் கீறலைப் பார்த்து அழுதாள், அழுதுகொண்டே வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தாள், அந்தக் கல்யாணத்தில் அவளைப் போல் சந்தோஷமாக இருந்தவர்கள் வேறு யாருமில்லை. கல்யாணம் முடிந்து பேனரை அவிழ்க்க ஏணியோடு வந்த பஞ்சாயத்து ஆள், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இருக்கட்டும், பாவம்" என்று சொல்லி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு நியூ வானவில் வாசலில் காலையிலேயே செருப்புகள் சேர ஆரம்பித்தன. பழைய கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது, ரேஷன் கார்டிலிருந்து உரித்தது, போன் கண்ணாடிக்குள் கலங்கிப்போய்க் கிடந்தது என்று ஏதேதோ முகங்களைக் கொண்டுவந்து, எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். இப்ப எப்படி இருப்பாகளோ அப்படி. இளவேனில் செய்து கொடுத்த படங்களில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் மாறவில்லை, போட்ட சட்டை போட்டபடி இருந்தது, பின்னாலிருந்த மேகமும் அப்படியே இருந்தது. முகம் மட்டும் எங்கேயோ இருக்கிற அந்த ஆளோடு சேர்ந்து கறுத்தது, வெளுத்தது, இளைத்தது, தூங்காத நாளில் கண் சிவந்தது. இது ஏன் இப்படி என்று கருக்காக்குடியில் யாரும் அதிகம் ஆராயவில்லை. மையில் ஏதோ இருக்கிறது என்றார்கள் சிலர். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளையின் கை என்றார்கள் சிலர். ஜபருல்லா தானே ஒரு படத்தைச் செய்து பார்த்தார், அது செய்தபடியே அசையாமல் நிற்க, அந்த வீட்டுக்காரர்கள் பதறிப்போய் ஓடிவந்தார்கள். அதே படத்தை இளவேனில் திரும்பச் செய்து கொடுத்த மறுநாள் அந்த ஆள் ஜலதோஷம் பிடித்த மூக்கோடு நின்றார். "நமக்கு அந்தக் கொடுப்பின இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ஜபருல்லா அவளுக்கு நல்ல நாற்காலியைக் கொடுத்து, தான் ஸ்டூலுக்கு மாறிக்கொண்டார்.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் வாசலுக்கு வந்து படத்தைப் பார்ப்பது என்று ஆனது. டீக்கடையில், "உங்காளு எப்புடிய்யா?" என்றால், "கறுத்துட்டான், வெளி வேலயில போட்டுட்டாக போல" என்றார்கள். ஒரு படத்துக்குக் கண் குழி விழுந்தால் அந்த வீட்டில் மிளகு ரசம் வைத்துப் படத்துக்குக் கீழே ஒரு டம்ளரில் வைத்தார்கள், ஆறினதும் பிள்ளைகள் குடித்தன. முடி வெட்டுகிற செல்லையா, வருகிறவர்களிடம் தெருவில் இருக்கிற படங்களைக் காட்டி, "அந்த மாதிரி காது மேல ஏத்தி வெட்டுறது இப்ப சவுதியில புதுசு" என்று அதே மாதிரி வெட்டினார். வெளியூர் பஸ்கள் ஊர் எல்லையில் வேகத்தைக் குறைத்தன.

கலியமூர்த்தியின் பெண்சாதி கதை வேறு. சிங்கப்பூரில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் வீட்டை எட்டிப்பார்க்காத கலியமூர்த்தி, படத்தில் நாளுக்கு நாள் பளபளப்பாகி, கன்னம் உப்பி, தலைக்குச் சாயம் வேறு ஏறிக்கொண்டு வர, அவள், "எவளோ நல்லா ஆக்கிப் போடுறா" என்று படத்தைக் கழற்றி மாட்டுக்கொட்டகையில் மாட்டைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள். ஆனாலும் சாயங்காலமானால் பருத்திக்கொட்டைச் சட்டியோடு கொட்டகைக்குப் போகிறவள் போன வேலை முடிந்தும் வெகுநேரம் வெளியே வருவதில்லை என்று அவள் மாமியாரே சொன்னாள்.

மாறாத படங்களும் இருந்தன. ஹபீபாவின் கணவர் ஓமன் பக்கம் படகில் போனவர். அவர் படத்தை அவள் தொழுகிற அறையில் வைக்கக் கூடாது என்று சமையல்கட்டுக்குப் போகிற வழியில் வைத்திருந்தாள். நாளாக ஆக அது செய்தபடியே இருந்தது. ஒரு ரோமம் கூட நகரவில்லை. ஜமாத்தில், ஒரு படத்தை வைத்துக்கொண்டு எந்த முடிவும் சொல்ல முடியாது என்றார்கள், சொல்லிவிட்டு அன்றைக்கே தங்கள் வீட்டுப் பெண்களை அவளோடு உட்கார்ந்திருக்க அனுப்பிவைத்தார்கள். அதிலிருந்து மாறாத படம் இருக்கிற வீட்டுக்குப் பெண்கள் ஒன்றும் சொல்லாமல் போய், ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவது வழக்கமானது. ஹபீபா ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்து இளவேனிலின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லது செஞ்சம்மா. தெருவுல பைக் சத்தம் கேட்டா இனிமே எந்திரிக்க வேண்டியதில்ல" என்று சொன்னபோது, இளவேனில் எழுந்து பின்னால் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

இத்தனை பேருக்குச் செய்தவள் தன் அம்மாவுக்கு ஏன் செய்யவில்லை என்று ஊருக்குள் கேட்காத ஆள் இல்லை. தண்ணி திறக்கப் போகிற இடத்தில் குடத்தோடு நிற்கிற பெண்கள் சிங்காரவேலுவை விடவில்லை. "பயப்படாதியண்ணே, நல்ல சேதியாத்தான் இருக்கும்" என்றார்கள். "எதுவா இருந்தாலும் தெரிஞ்சுக்கிட்டா மனசு ஆறும்ண்ணே" என்றார்கள். அவர் வால்வுக் குழிக்குள் குனிந்துகொண்டு, "இந்த வாசர் தேஞ்சு போச்சு" என்று வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இளவேனிலுக்கும் அந்த எண்ணம் இல்லாமல் இல்லை. மற்றவர்களின் பிள்ளைகளுக்கும் புருஷன்களுக்கும் நரை வைக்கும்போதெல்லாம், தன் அம்மாவுக்கு எங்கே முதலில் நரைத்திருக்கும் என்று கை தானாக ஒரு நொடி நின்றது. அம்மாவின் குரல் அவளுக்கு மறந்துகொண்டு வந்தது. 'கண்ணு' என்று சொல்வாள் என்பது ஞாபகம் இருந்தது, எப்படிச் சொல்வாள் என்பது போய்விட்டது. ஹாஸ்டலில் கூடப் படிக்கிறவர்கள் அம்மாவிடம் போனில் சண்டை போட்டுவிட்டு வைக்கும்போது அவளுக்கு வருகிற பொறாமை, அவர்கள் கொஞ்சிப் பேசும்போது கூட வந்ததில்லை.

மாசம் முடிகிற தறுவாயில் ஜபருல்லா தயங்கித் தயங்கிச் சொன்னார். "காலேஜுக்குப் போயிட்டா அங்க இது வேல செய்யுமோ என்னமோ தெரியாது. உனக்குன்னு ஒண்ணு போட்டுக்கணும்னா இப்பவே போட்டுக்கம்மா. அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

அன்று மத்தியானம் இளவேனில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, பெரிய தண்ணி டாங்கிக்குக் கீழே வேப்ப நிழலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனாள். அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, அம்மா போட்டோ ஒண்ணு வேணும்."

சிங்காரவேலு தூக்கைக் கழுவினார். கழுவினதையே திரும்பக் கழுவினார்.

"எதுவா இருந்தாலும் பரவாயில்லப்பா. அம்மா இல்லன்னு தெரிஞ்சாலும்..."

"அவ செத்துருப்பான்னு நான் பயப்படுறதா நெனக்கிறியாத்தா?" என்றார் அவர். "ஊரே அப்புடித்தான் நெனக்குது. நெனச்சுக்கட்டும். எனக்கு அந்தப் பயம் இல்ல. உசுரோட இருந்தான்னா? நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கி, உசுரோட இருந்தான்னா? அப்ப ஏன் பேசலன்னு ஒரு கேள்வி வரும்ல. அந்தக் கேள்விய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

டாங்கியில் தண்ணி ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அவளுக்கும் அந்தக் கேள்வி ஒன்றும் புதிதில்லை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அது அவள் தலையணைக்கு அடியில்தான் கிடந்தது. அதே கேள்வி அடுத்த பாயிலும் கிடந்திருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

"வேணாம்னா விட்டுருவோம்ப்பா" என்றாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து பஞ்சாயத்து அடையாள அட்டையை எடுத்தார். அதன் பிளாஸ்டிக் உறைக்குள், அட்டைக்குப் பின்னால், மங்கையர்க்கரசி பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம் ஒன்று இருந்தது. நீலச் சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, மூக்குத்தி, சிரிக்காதே என்று போட்டோக்காரர் சொன்னதால் சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். "எனக்குத் தெரிய வேணாம். ஒனக்குத் தெரியணும்னா நான் மறிக்கல" என்று அதை மகள் கையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

இளவேனிலால் அந்த முகத்துக்கு வயதைக் கூட்ட முடியவில்லை. நெற்றியில் ஒரு கோடு போட்டாள், அழித்தாள். காதோரம் நரை வைத்தாள், அழித்தாள். பிறரிடம் கடன் வாங்கவும் ஆளில்லை, அம்மாவின் சாயல் உள்ள முகம் அந்த ஊரில் அவளுடையது ஒன்றுதான். கடைசியில் போனபோது எப்படிப் போனாளோ அப்படியே, தூசியையும் கீறலையும் மட்டும் துடைத்துவிட்டு அச்சுக்கு அனுப்பினாள். ஜபருல்லா எட்டிப்பார்த்து, "வயசே கூட்டலையேம்மா" என்றார். "கூட்டலண்ணே" என்றாள். அவர் வேறு எதுவும் கேட்காமல் மெஷினை அவரே ஓட்டினார்.

படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டினாள். மறுநாள் அது மாறவில்லை. அதற்கடுத்த நாளும் மாறவில்லை. கல்லூரி திறந்துவிட்டது, அவள் போகவில்லை. சிங்காரவேலு படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். ஒரு வாரம் போல ஆனதும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஹபீபா வந்தாள், பொன்னழகு வந்தாள், கலியமூர்த்தியின் பெண்சாதி வந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கீரை ஆய்ந்தார்கள், பூண்டு உரித்தார்கள், போனார்கள்.

அப்போதுதான் சிங்காரவேலு பேச ஆரம்பித்தார். அந்த வாரத்தில் அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப்போயிருந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் ஒருநாள் படத்தைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "ஒங்கம்மாவுக்குப் புளிக்கொழம்புல வெல்லம் போடணும். போட்டா எனக்குப் புடிக்காது. ரெண்டு சட்டியில வைப்பா" என்றார். அப்புறம் நிற்கவில்லை. கல்யாணமான புதிதில் அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, அவள் நேராகப் போய்ப் பால்காரர் மேல் விட்டது, பால்காரரிடம் அவளே சண்டைக்குப் போனது. இளவேனில் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்சுகள் கிண்டல் பண்ணுகிற அளவுக்குப் பிள்ளையைக் கீழே வைக்கவே மாட்டேன் என்றது. பிளேன் ஏறப் போன அன்று திருச்சி வரைக்கும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் அவர் கையின் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தது. "அவ நம்மள விட்டுட்டுப் போற ஆளாத்தா?" என்று கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். செத்துப்போன பெண்சாதியைப் பற்றிப் பேசுகிற ஆணின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை இளவேனில் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள், அழுதாள், அம்மா திரும்பக் கிடைத்துவிட்டதைப் போலவே இருந்தது. அமாவாசைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று அவரே பேச்சை எடுத்தார்.

அமாவாசைக்கு முந்தின காலையில் அவள் எழுந்து கூடத்துக்கு வந்தபோது அம்மாவின் மூக்குத்தி இல்லை. காதோரம் நரைத்திருந்தது. முடி தோளுக்கு மேலே வெட்டப்பட்டிருந்தது. கன்னத்தில் சதை போட்டு, கண்ணுக்குக் கீழே இரண்டு கோடுகள் விழுந்து, நிறம் நன்றாகத் தெளிந்து, அம்மா உயிரோடு இருந்தாள். அத்தனை வருஷத்தையும் ஒரே பொழுதில் எட்டிப்பிடித்து வந்தவளைப் போல, கொஞ்சம் களைத்திருந்தாள்.

தண்ணி திறந்துவிட்டு வந்த சிங்காரவேலு சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார், பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"முடிய வெட்டிட்டா" என்றார். பிறகு அடுப்படிக்குப் போய், புளிக்குழம்புக்கு எடுத்து வைத்திருந்த வெல்லத்தை டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

சேதி பரவின கொஞ்ச நேரத்தில் வீடு கொள்ளாத கூட்டம். பொன்னழகு கற்கண்டு கொண்டுவந்தாள். செல்லையா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். ஜபருல்லா ஒரு கிலோ அல்வாவோடு வந்து, "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சேதிம்மா" என்று சொல்லும்போதே அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். ஊர் முட்டாள் இல்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கேள்வி தெரிந்திருந்தது, எல்லாரும் அதற்கு ஒரு பதிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். "போனப் புடுங்கி வச்சிருப்பாக" என்றார் ஒருவர். "தலயில அடிபட்டா சில பேருக்கு எல்லாம் மறந்துரும்ண்ணே" என்றார் இன்னொருவர். "நம்பரு தொலஞ்சிருக்கும். அங்கருந்து வேற எப்புடிப் பேசுறது?" என்றாள் கலியமூர்த்தியின் பெண்சாதி. அதை நம்பாதவள் அவள்தான், ஆனாலும் எல்லாரையும்விட அழுத்தமாகச் சொன்னாள். சிங்காரவேலு எல்லாவற்றுக்கும், "ஆமாமா, அப்புடித்தான் இருக்கும்" என்று தலையாட்டினார், எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

எல்லாரும் போன பிறகு இளவேனில், "நான் செஞ்சிருக்கக் கூடாதுப்பா" என்றாள்.

"அப்புடிச் சொல்லாத" என்றார் அவர். "உசுரோட இருக்கால்ல." ஆனால் அதற்குப் பிறகு அவர் அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு சட்டிகளும் பால்காரரும் சுண்டுவிரலும் திரும்பவும் உள்ளே போய்விட்டன.

அவள் திருச்சிக்குப் போனாள். அங்கே அவள் செய்த எந்தப் படமும் அசையவில்லை, மற்றப் பிள்ளைகள் செய்வதைப் போல நல்ல படங்களாகவே இருந்தன. வகுப்பில் அவரவர் வேலை பழகின இடத்தைப் பற்றிப் பேசச் சொன்னபோது, எங்கள் ஊரில் வெற்றிடம் விட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று மட்டும் சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் அப்பாவுக்குப் போன் பண்ணும்போது, சாப்டீங்களா, தண்ணி வந்துச்சா என்று கேட்டுவிட்டு, வைப்பதற்கு முன்னால், "அம்மா எப்புடி இருக்காங்க?" என்று கேட்பாள். "இருக்கா" என்பார். கொஞ்ச நாள் இந்த ஒரு வார்த்தைதான். பிறகு மழைக்காலத்தில் ஒருநாள், "மூஞ்சி வாட்டமா இருக்கு" என்றார். இன்னொரு நாள், "கண்ணாடி போட்டிருக்கா, ஒனக்கு மாதிரியே கிட்டப்பார்வ போல" என்றார். எந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை, அவர் குரலிலேயே தெரிந்தது.

மாசி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்ததால், அவள் மத்தியான பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்தாள். வருகிறேன் என்று அப்பாவுக்குச் சொல்லியிருந்தாள், எதற்காக அந்த நாளைப் பார்த்து வருகிறாள் என்று சொல்லவில்லை. அவளுடைய பிறந்தநாளை அந்த வீட்டில் கொண்டாடி வெகுகாலம் ஆகியிருந்தது. அப்பாவுக்குத் தேதிகள் நிற்காது, ஞாபகம் வைத்திருந்து முதல் நாளே தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் அம்மாதான்.

பஸ் நின்றபோது சிங்காரவேலு நிழற்குடைக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஒருநாளும் அவர் அவளை அழைத்துப்போக பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததில்லை. வேலைக்குப் போகிற சட்டையோடுதான் இருந்தார், பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். அவள் இறங்கினதும் பையை வாங்கிக்கொண்டார். அவள் முகத்தை எப்போதோ பார்த்த முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"என்னப்பா?"

"இன்னைக்கு என்ன நாளுத்தா?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்லத் தொடங்கியபோது நூறுநாள் வேலை முடிந்து பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு பஸ்ஸில் ஏற வந்தார்கள், அவர் அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டார். அவர் பிடித்தது சுண்டுவிரலைத்தான்.

"வீட்டுக்கு வா" என்றார். "ஒங்கம்மா காலையிலருந்து அழுதுக்கிட்டு இருக்கா."